என்ன போகும்

சொல்ல வேண்டியது ஒரே ஓர் எண். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திரு என்றால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள், நித்யா என்கிற நித்தியகல்யாணியால் முடியாது. நடத்துனர் சில்லறை இல்லை என்றால் இறங்கும்வரை வாதாடுகிறவள் அவள். பல்கலைக்கழகத்தில் பொருளியல் வகுப்பில் அவள் கையைத் தூக்கினாலே பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார், இன்றைக்கு இனிப் பாடம் நடந்தாற்போலத்தான் என்று. அப்பேர்ப்பட்டவளை சொர்ணம் அத்தை ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டாள். "ராகுகாலம்." கல்லிடைக்குறிச்சி பஸ் தாமதமாகி, அத்தையும் மாமாவும் சாரலில் நனைந்த குடையோடு தென்காசி வீட்டுப் படியேறும்போது சுவர்க் கடிகாரம் பத்தரையைத் தொட்டுவிட்டது. "வெள்ளிக்கெழம பத்தரைக்குப் பெறவு எவளாச்சும் வெல பேசுவாளா? பன்னெண்டு ஆவட்டும். அதுவரைக்கும் யாரும் அதப் பத்தி வாயத் தெறக்கப்படாது, கேட்டியா. எங்க ஐயா கெட்டுன வீடு." ஐயா கட்டினால் ராகுவுக்கு என்ன வந்தது என்று நித்யாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அம்மா அடுப்படி வாசலிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். நாக்கு திரும்பிப் போனது. நாளைக்குப் பேசலாம் என்றால் நாளைக்கு அத்தைக்கு ஆகாது, அடுத்த வாரம் என்றால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் வீடு பேச்சே கூடாது. ஆக, வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளில் இந்த வீட்டுக்கு விலை சொல்ல உகந்த நேரம் எவ்வளவு என்று கணக்கெடுத்தால் ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதினால் யார் படிப்பார்கள். ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. டிங். அம்மா வந்து அலுமினியச் சட்டியை இரண்டு விரற்கடை இடதுபக்கம் நகர்த்திவிட்டுப் போனாள்.

அறுபது. அறுபது லட்சம். அறுபது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், விளக்கம் கொடுக்கக்கூடாது. விளக்கம் கொடுத்தால் பேரம் ஆகிவிடும், இது பேரமே கிடையாது. இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்தவளே அவள்தானே. வீடு தாத்தா காலத்துக்குப் பிறகு அப்பாவுக்கும் அத்தைக்கும் பாதிப் பாதி. அப்பா போன ஐப்பசியில் போய்விட்டார். யாராவது ஒருவர் மற்றவர் பாதியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூப்பிடலாம் என்று அவள்தான் நியாயமாகச் சொன்னாள். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "எவனோ ஒருத்தன் டேப்பப் புடிச்சிக்கிட்டு வந்து, நான் பொறந்த வீட்டுக்கு வெல சொல்லுவானாங்கும்? அதுக்கு நாம காசு வேற குடுப்பமாங்கும்?" சரி, வேண்டாம். அப்படியானால் ஒரு வழி இருக்கிறது என்று நித்யா ஆரம்பித்தாள். ஒரு பக்கம் விலை சொல்லட்டும், மறு பக்கம் 'எடு' அல்லது 'விடு' சொல்லட்டும். எடு என்றால் அந்த விலையில் பாதியைக் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். விடு என்றால் பாதியை வாங்கிக்கொண்டு வீட்டை விட வேண்டும். விலை சொல்கிறவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை, அதனால் அவர் ஏமாற்ற முடியாது. எவ்வளவு அழகாக விளக்கினாள்! கரும்பலகை ஒன்றுதான் குறை. அத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "இது என்ன புதுசா? எங்க வயல அப்படித்தானே பிரிச்சாவ. மூத்தவன் கூறு வைக்கணும், எளையவ எடுக்கணும்" என்றாள். பிறகு புளியோதரையை ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, "எங்க அண்ணன்தானே மூத்தவன். அப்ப அண்ணன் வழியில நீ வெல சொல்லு, நான் எடுக்கதா விடுததான்னு பாக்கேன்." தன் வாதத்தின் கயிற்றாலேயே தன்னைக் கட்டிப் போட்டுவிட்டார்களே என்று அன்றிலிருந்து அவளுக்குப் புகைச்சல். சொல்கிறவர் ஏமாற்ற முடியாது, உண்மை. ஆனால் சொல்கிறவர் ஏமாறலாமே. அதை ஏன் அன்றைக்கு யோசிக்கவில்லை? குறைத்துச் சொன்னால் அத்தை எடு என்பாள், அம்மாவுக்கு வீடு போய்விடும். கூட்டிச் சொன்னால் விடு என்பாள், அம்மா பாதியைப் புரட்ட வேண்டும். அப்பாவின் பணிக்கொடை, அம்மாவின் கழுத்தில் கையில் இருப்பது, வங்கிக் கடன் என்று எல்லாவற்றையும் உருட்டித் திரட்டினாலும் முப்பதுக்கு மேல் நகராது. ஆகவே அறுபது. அத்தை எடுக்கத் துணியாத அளவுக்கு உயரம், அம்மா தாங்கக்கூடிய அளவுக்குப் பள்ளம். அந்த இடுக்குக்குள்தான் இந்த வீடு நிற்கிறது.

நிற்கிறதா என்பது வேறு விஷயம். ஒரு மாதமாக இந்த வீட்டுக்கு என்ன போகும் என்று கேட்காத ஆள் கிடையாது. நாலு வீடு தள்ளி ஒரு வீடு தை மாதம் விற்றது, அதைக் கேட்கலாம் என்று போனால் அதற்கு மூன்று விலை இருந்தது. பத்திரத்தில் ஒன்று, கையில் ஒன்று, தெருவின் வாயில் ஒன்று. அரசாங்க வழிகாட்டி மதிப்பைப் பார்த்தாள், அது இந்தத் தெருவைப் பார்க்காமலே யாரோ எழுதியது போல் இருந்தது. வாடகையை வைத்துப் பெருக்கினாள். கொத்தனாரைக் கேட்டாள். தரகர் ஒருவரிடம் சிநேகிதி வீடு என்று பொய் சொல்லிக் கேட்டாள். அந்த மனிதர் பல்லைக் குத்திக்கொண்டே, "பழைய வீட்டுக்கு ஏதும்மா வெல, மண்ணுக்குத்தான் வெல. வீடு மேல இருக்கறதுதான் கொறச்சல். இடிக்கக் கூலி கழிக்கணும்லா" என்றார். அவள் தெருமுனையிலேயே நின்று அவரோடு இருபது நிமிஷம் சண்டை போட்டாள். அதெப்படி ஒருவர் இருக்கிற வீடு, இருப்பதனாலேயே குறையாக முடியும்? கூரை என்பது கழித்தல் கணக்கா? சிநேகிதி வீட்டுக்கு இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அவர் நினைத்திருப்பார். டிங். இந்த முறை வெண்கலத்தில். எங்கே எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: பட்டாசல் கூடத்தில் நடுத் தூணுக்குப் பக்கத்தில் அலுமினியச் சட்டி, ஊஞ்சல் வளையத்துக்குக் கீழே வெண்கலச் சருவம், அப்பா படுத்திருந்த மூலையில் அவர் சவரம் பண்ணிக்கொள்ளும் குவளை. சாரல் மாதம் வந்தால் சட்டி, சருவம், போணி என்று எட்டுப் பாத்திரம் வேண்டும். ஊர் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும், நமக்கு அருவி வீட்டுக்கே வருகிறது என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரித்து அவள் பார்த்ததில்லை. அம்மா அப்போது பாத்திரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருப்பாள், சிரிக்கக் கை ஒழிந்திருக்காது.

என்ன போகும். என்ன பேச்சு இது? விலை கேட்பதற்குத் தமிழில் வேறு வார்த்தையா இல்லை, பெறும் என்று ஒன்று இருக்கிறதே. இந்த வீடு இவ்வளவு பெறும் என்று சொன்னால் ஏதோ வீட்டுக்கே ஒரு கை இருந்து அது நீட்டி வாங்கிக்கொள்வது போல ஒரு மரியாதை. போகும் என்றால் கிளம்பிவிட்டது என்றுதானே அர்த்தம், வாசலில் வண்டி நிற்கிறது என்றுதானே. கேட்ட எல்லோரும் என்ன போகும் என்றே கேட்டார்கள், அவளும் அப்படியே கேட்டுக்கொண்டு அலைந்தாள். விலை கேட்கும்போதே வீட்டை அனுப்பிவிட்டாளோ? இல்லை, அனுப்ப முடியாது. அம்மா எங்கே போவாள்? நித்யா அடுத்த வருடம் மேற்படிப்புக்கு மதுரையோ சென்னையோ போய்விட்டால் அம்மாவுக்கு இந்தச் சுவர்களாவது தெரிந்த சுவர்களாக இருக்க வேண்டாமா? எதிரே அத்தை கண்ணை மூடி உதடு அசைய ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தாள். கால் பெருவிரல் மட்டும் தரையில் தாளம் போட்டது, பிறந்த வீட்டுத் தரை அல்லவா, விரலுக்கு அதன் குளிர்ச்சி தெரிந்திருக்கும். இந்த அத்தைக்கு வீட்டின் மேல் ஆசை இருக்கிறது, அது நிச்சயம். வந்ததும் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாளே. ஆசை உள்ளவள் அறுபதுக்கும் எடு என்றுவிட்டால்? இல்லை, கணக்குப் பார்த்து விடு என்றுதான் சொல்வாள்… மாமா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், மீட்டர் பார்த்த கண், அவர் தலையை அண்ணாந்து ஓட்டை ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணட்டும். பதினொன்று இருபது. கடிகார முள் இவ்வளவு சத்தமாக நகருமா? அதுவும் அப்பாவுடையதுதான். பள்ளிக்கூட நாளில் பஸ்ஸை விட்டுவிடுவாளோ என்று முள்ளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பார். அவள் வாசலில் நின்று நேரத்தைப் பற்றி அவரோடு தர்க்கம் பண்ணி முடிக்கும்போது பஸ் சரியாக வரும். அவளுடைய வாதத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த மனிதர் முள்ளைத் திருகியிருக்கிறார். இப்போதும் அவர் இருந்தால் அவர்தானே விலை சொல்லியிருக்க வேண்டும். அவர் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். தங்கச்சியிடம் நீயே வச்சுக்கோ என்றிருப்பார், அல்லது காபி போடச் சொல்லியிருப்பார். அறுபது. அறுபதுக்கு மேல் வாய் போகக்கூடாது. டிங்.

கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியதும் மாமா தொண்டையைக் கனைத்தார். "ஆங், பன்னெண்டு ஆயிட்டு. சொல்லு பிள்ளே. பாத்துச் சொல்லு, மண்ணு வெலதான். மேல இருக்கது ஓடா சல்லடையான்னே தெரியல. கரையான் எத்தன லட்சம், அதயும் சேத்துச் சொல்லு." அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்குப் பின்னால் அந்தத் தரகர் பல் குத்திக்கொண்டு நின்றார், வீடு இருப்பதே குறைச்சல் என்றார். ஒரு மாதக் கோபமும் ஒன்றரை மணி நேர மௌனமும் ஒன்றாகக் கிளம்பின. "எழுபது" என்றாள் நித்யா. சொன்னபிறகுதான் அவளுக்கே கேட்டது. எழுபதா? யார் சொன்னது எழுபது? தம்ளரோடு வந்த அம்மா அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. பாதி முப்பத்தைந்து. முப்பதே எலும்பைப் பிழிந்தால் வருவது. முப்பத்தைந்துக்கு எங்கே போவது, நகையெல்லாம் போனபிறகு எதை விற்பது, அம்மாவை எந்த வங்கி வாசலில் நிறுத்துவது? ஜபித்துக்கொண்டிருந்த அத்தை கண்ணைத் திறந்தாள். மாமா அவளைப் பார்த்து முகவாயை ஒரு இழுப்பு இழுத்தார், விடு என்று சொல் என்பதற்கு அதைவிடத் தெளிவான சைகை உலகத்தில் இல்லை. அத்தையின் வாய் திறந்தது. அந்த இரண்டு விநாடியில் நித்யா தான் படித்த பொருளியல் அத்தனையையும் வெறுத்தாள். அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, "அட மூதி" என்றாள்.

"இது எங்க அண்ணன் கடியாரம்லா! பத்து நிமிஷம் முந்தி ஓடும். இன்னும் பன்னெண்டே ஆவலட்டீ. ராகுகாலத்துல சொல்லிப்போட்டியே, பாவி." மாமா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "பத்து நிமிஷந்தானே, அதுல என்ன இருக்கு? சொன்னது சொன்னதுதானே." "நீங்க சும்ம இரிங்க. ராகுகாலத்துல சொன்னது சொல்லே கெடையாது." "அத அவ சொல்லட்டும். ஏ பிள்ளே, நீதான் ராகுவும் இல்ல கேதுவும் இல்ல, எல்லாம் கட்டுக்கதைம்பியே. முந்துன வருசத் தீவாளிக்குக்கூட எங்கூட ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்னியே. இப்பச் சொல்லு, சொன்னது சொன்னதா, சொல்லலியா?" நேர்மையாகப் பார்த்தால் மாமாவின் கேள்விக்கு ஒரே பதில்தான். ராகு என்று ஒரு கிரகமே கிடையாது, காலம் எல்லாருக்கும் ஒரே காலம், சொன்ன சொல் எந்த மணிக்குச் சொன்னாலும் சொல்தான். இதை அவள் பதிமூன்று வயதிலிருந்து சொல்லி வருகிறாள், எதிர்த்தவர்கள் எல்லாரையும் ஜெயித்தும் இருக்கிறாள். பழக்கதோஷத்தில் உதடு பிரிந்தேவிட்டது. அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லிவிடாதே என்றோ சொல் என்றோ இல்லாத பார்வை. "சொல்லல மாமா" என்றாள் நித்யா. "ராகுகாலம்லா." மாமா தொடையில் தட்டிச் சிரித்த சிரிப்பில் சட்டியில் இருந்த தண்ணீரே அதிர்ந்தது போலிருந்தது. சிரிக்கட்டும். மானம் போனால் அதற்கு வீட்டைப் போலப் பாதிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நித்யா பின்னாலேயே அடுப்படிக்குப் போனபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். "எதுக்குட்டி எழுபதுன்ன?" "வாயில வந்துட்டும்மா. அந்த மாமா பேச்சு… இந்த வீட்டக் கேவலமா… அறுபதுன்னுதான் சொல்ல இருந்தேன், சத்தியமா, அறுபதுன்னா அத்தை விட்டாலும் நம்மால முடியும், நகைய வச்சு…" "யாரு நகை?" "வீடு ஒனக்குத்தானேம்மா. ஒனக்காகத்தானே…" "எனக்கு வீடு வேணும்னு நான் எப்பச் சொன்னேன்?" "வேண்டாம்னும் சொல்லலியே நீ!" "கேட்டியா? ஊரெல்லாம் போயிக் கேட்ட. தரகனக் கேட்ட, கொத்தனாரக் கேட்ட. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" கேட்கவில்லை. அம்மாவுக்குக் கோபம்கூட இல்லை, வெந்நீர் ஆறிவிட்டதைச் சொல்வது போல் சொன்னாள். "இருவத்தாறு வருசமா நான் இந்த வீட்டுல மழ பெஞ்சா முழுசாத் தூங்குனதில்லட்டீ. எந்தச் சொட்டு எங்க விழும்னு காதுல கேட்டுக்கிட்டே கெடப்பேன். ஒனக்கு இது பொறந்த வீடு, சொர்ணத்துக்குப் பொறந்த வீடு, உங்க அப்பாவுக்கும் பொறந்த வீடு. எனக்கு யாரு வீடு? ரெண்டு ரூமு போதும், மேல தளம் போட்டிருக்கணும், பஸ்ஸ்டாண்டு பக்கத்துல இருந்தா நீ வந்து போக லேசு. நனையாத ஒரு சொவரு வேணும், அவ்வளவுதான். வீடு போவட்டும்." போகட்டும். அந்த ஒரு சொல்லில், ஒரு மாதமாக நித்யா முதுகில் தூக்கிச் சுமந்த வீடு, தூண், ஊஞ்சல் வளையம், ஓடு, எட்டுப் பாத்திரம் எல்லாமாகச் சேர்ந்து இறங்கியது. தோள் இவ்வளவு வலித்திருக்கிறது என்பதே இறங்கின பிறகுதான் தெரிகிறது. சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். "அப்ப என்னம்மா சொல்ல? நாலு நிமிஷந்தான் இருக்கு. என்ன போகும்?" அம்மா யோசிக்கவே இல்லை. "அம்பத்தாறு." "எப்படித் தெரியும்?" "வாசல்ல வந்து கேட்டவன் மூணு பேரு. கடைசியா வந்த மருந்துக்கடைக்காரன் அம்பத்தாறு தாரேன்னான், போன வருசம் சித்திரையில. உங்க அப்பா மொகத்துல அடிச்சாப்ல கதவச் சாத்துனாரு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன்."

சரியான பன்னிரண்டை அத்தையே தன் கையைப் பார்த்துச் சொன்னாள், "இப்ப ஆச்சு. சொல்லுட்டி." நித்யா நடுப் பட்டாசலில் நின்றாள். "அம்பத்தாறு." மாமாவின் புருவம் ஏறியது. பதினாலு லட்சம் எங்கே போயிற்று என்று அவர் வாய் திறக்குமுன் அத்தை கையமர்த்திவிட்டாள். பிறகு தலையை அண்ணாந்து ஓட்டைப் பார்த்தாள். இப்போது பயம் தலைகீழாக வந்தது. விடு என்றுவிட்டால்? இத்தனை நாள் எந்தச் சொல்லுக்காக ஏங்கினாளோ அதே சொல் இப்போது இடியாக விழும். அம்மா இன்னும் இருபத்தாறு வருடம் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். எடு என்று சொல் அத்தை, ஜன்னல் கம்பியைத் தொட்டாயே, பெருவிரலால் தாளம் போட்டாயே. அத்தை எழுந்து போய் நடுத் தூணில் உள்ளங்கையை வைத்தாள். "மைனி," என்று அம்மாவைக் கூப்பிட்டாள், "ஒங்களுக்குச் சம்மதந்தானே? பெறவு மனசுல ஒண்ணும் வைக்கப்படாது." "சம்மதந்தான் சொர்ணம்." "அப்ப நான் எடுத்துக்கிடுதேன்." யாரோ பெருமூச்சு விட்டார்கள். அது தன் மூச்சுதான் என்று நித்யாவுக்குப் பிறகு தெரிந்தது. "கடியாரம் வெலயில சேத்தி கெடையாது" என்றாள் அவசரமாக. "அத நீயே கெட்டிக்கிட்டு அழு" என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அத நம்பி எவ அடுப்பு பத்த வைக்கது."

வெளியே சாரல் வலுத்தது. ஓட்டின் மேல் மணலை அள்ளி வீசுவது போல ஒரு சத்தம், கிழக்கேயிருந்து மேற்கே ஓடியது. பட்டாசலின் தென்மூலையில், இதுவரை ஒழுகாத இடத்தில், புதிதாக ஒரு சொட்டு வெறும் தரையில் விழுந்து சிதறியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா பாதி எழுந்துவிட்டாள், கை முழங்காலில் ஊன்றி, இடுப்பு நிமிராமல், எத்தனை ஆயிரம் தடவை எழுந்த எழல். அப்படியே நின்றாள். அத்தையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஏதோ மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்திக்கொள்கிறவளைப் போல, மறுபடி உட்கார்ந்தாள். இன்னொரு சொட்டு. அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "மைனி, இதுக்கு வைக்க ஒரு போணி எங்க கெடக்கு?" "வீட்ட வாங்கின கையோட போணி ஆயிட்டுதே" என்று மாமா சொல்லித் தானே சிரித்தார். "அடுப்படியில, கதவுக்குப் பின்னால" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிக்கொண்டாள்.